ஹெட்ஜ் டிரிம்மர் வாங்கப் போறீங்களா? முதலில் வேலியைப் பாருங்க, பிறகு விலையைப் பாருங்க!

ஆன்லைன் தள்ளுபடி விற்பனை வந்தாலே தோட்டக் கருவிகளும் கார்ட்டில் ஏறிவிடுகின்றன. அதில் இப்போது அடிக்கடி கண்ணில் படுவது ஹெட்ஜ் டிரிம்மர், அதாவது வேலிச்செடிகளைச் சீராக வெட்டும் இயந்திரம். "ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரத்துல வேலை முடிஞ்சிடும்" என்ற நினைப்பில் வாங்குகிறார்கள். ஆனால் பல வீடுகளில் அதைக் கையில் பிடிப்பது வாங்கியவர் அல்ல, மாதம் ஒருமுறை வந்துபோகும் தோட்டக்காரர். அதனால் இதைத் தேர்வு செய்யும்போது ஆஃபரை ஓரமாக வைத்துவிட்டு, வேலியையும் அதை வெட்டப்போகும் கையையும் பார்ப்பதே சரி.

எல்லா வீட்டுக்கும் தேவையா?

தேவையில்லை. வாசலில் பத்து, பதினைந்து அடிக்கு டுரண்டா வைத்திருக்கும் வீட்டுக்கு, நீளப் பிடி உள்ள பெரிய கத்தரி போதும். கரன்ட் வேண்டாம், சத்தம் இல்லை, தீட்டினால் பல வருஷம் உழைக்கும்.

என்ன செடி என்பதும் முக்கியம். டுரண்டா, மருதாணி போன்ற சிறு இலைச் செடிகளுக்கு இயந்திரம் பொருந்தும். இட்லிப்பூவும் செம்பருத்தியும் வேறு கதை. இட்லிப்பூ கிளை நுனியில் பூப்பது, செம்பருத்தி புதுத் தளிரில் மொட்டு விடுவது. மாதாமாதம் இயந்திரத்தால் மட்டம் தட்டினால் வேலி அழகாக இருக்கும், பூ இருக்காது. இவற்றுக்குக் கைக்கத்தரியால் கிளை கிளையாக வெட்டுவதே நல்லது. முற்றிய காகிதப்பூக் கிளைகளுக்கும் இந்த இயந்திரம் சரிவராது. அதற்கு ரம்பம்தான்.

கரன்ட், பேட்டரி, பெட்ரோல்: எது சரி?

வயர் உள்ள மின்சார டிரிம்மர் விலை குறைவு, எடையும் பெரும்பாலும் 3 முதல் 4 கிலோதான். சிக்கல் வயரில் இருக்கிறது. வெட்டும் வேகத்தில் தன் வயரையே வெட்டிக்கொள்வது இந்தக் கருவியில் சகஜமான விபத்து. வயரைத் தோளுக்கு மேல் போட்டு முதுகுப்புறமாக விட வேண்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பாதுகாப்பு இல்லாத பிளக்கில் மாட்டவே கூடாது. எக்ஸ்டென்ஷன் வயரை முழுவதும் பிரித்துவிட வேண்டும், சுருட்டி வைத்தால் சூடேறும். மழை ஈரம் இருக்கும் நாளில் இதைத் தொடாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

பெட்ரோல் டிரிம்மர் பெரிய வளாகங்களுக்கானது. 5 கிலோவுக்கு மேல் எடை, புகை, ஓட்டுபவரின் காதருகே 90 டெசிபலைத் தாண்டும் இரைச்சல். குடியிருப்புப் பகுதிக்கு இந்திய ஒலி மாசு விதிகள் சொல்லும் பகல்நேர அளவு 55 டெசிபல்தான். டூ ஸ்ட்ரோக் இன்ஜின் என்றால் கையேடு சொல்லும் விகிதத்தில் ஆயில் கலக்கவும் வேண்டும். தனி வீட்டுக்கு இது தலைவலி.

நடுத்தர வேலி உள்ள வீட்டுக்குப் பேட்டரி டிரிம்மரே பொருத்தம். ஆனால் பெட்டியில் உள்ள எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம். '18 வோல்ட்' என்றும் '20 வோல்ட் மேக்ஸ்' என்றும் விற்பவை பெரும்பாலும் ஒரே வகை பேட்டரிதான். ஒன்று சராசரி வோல்ட்டேஜ், மற்றது முழு சார்ஜில் இருக்கும் வோல்ட்டேஜ். எவ்வளவு நேரம் ஓடும் என்பதை வோல்ட்டையும் ஆம்பியர் அவரையும் பெருக்கினால் ஊகிக்கலாம். 18 வோல்ட், 2 ஆம்பியர் அவர் என்றால் 36 வாட் அவர். வீட்டில் ஏற்கெனவே பேட்டரி டிரில் இருந்தால், அதே பேட்டரி பொருந்தும் டிரிம்மரைப் பார்ப்பது செலவைக் குறைக்கும்.

பிளேடில் எதைப் பார்ப்பது?

வீட்டுக்கு 45 முதல் 55 செ.மீ. நீள பிளேடு போதும். அதைவிட நீளம் என்றால் எடை கூடும், கை நடுங்கும். நீளத்தைவிட முக்கியம் பல் இடைவெளி. 16 மி.மீ. இடைவெளியில் அதைவிட மெல்லிய கிளைதான் நுழையும். விரல் தடிமன் கிளைகள் உள்ள வேலிக்கு 20 மி.மீ.க்கு மேல் வேண்டும்.

இரண்டு கைகளாலும் அழுத்தினால் மட்டுமே ஓடும் சுவிட்ச் அமைப்பு கட்டாயம் இருக்க வேண்டும். ஒரு கையை எடுத்தால் பிளேடு நின்றுவிடும் என்பதுதான் அதன் பயன். சிலர் வசதிக்காக ஒரு சுவிட்சை டேப் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். விரலைப் பணயம் வைத்து வேலை செய்வது அது. வாங்கும் முன் பிளேடும் பேட்டரியும் தனியாகக் கிடைக்குமா, ஊரில் சர்வீஸ் உண்டா என்றும் விசாரித்துவிட வேண்டும். உதிரி கிடைக்காத மலிவு இயந்திரம் இரண்டாவது வருஷமே பரணுக்குப் போய்விடும்.

வெட்டும் முன்...

பத்து நிமிஷம் வேலியை உற்றுப் பார்க்க வேண்டும். தையல்சிட்டும் தேன்சிட்டும் வீட்டுச் செடிகளில் கூடு கட்டுபவை. முட்டையோ குஞ்சோ இருந்தால் அந்தப் பகுதியைச் சில வாரம் விட்டுவிடலாம். கம்பி, கயிறு சிக்கியிருந்தால் எடுத்துவிட வேண்டும். பாம்பு பயம் உள்ள இடத்தில் முதலில் கம்பால் தட்டிப் பார்ப்பது நல்லது.

அரளி வேலி என்றால் கூடுதல் கவனம். அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. வெட்டிய இலையை ஆடு மாடு வாயில் படும்படி போடக் கூடாது, எரிக்கவும் கூடாது. புகையும் கெடுதல். கள்ளி வகைகளின் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. கண்ணாடி, கையுறை, மூடிய செருப்பு இல்லாமல் டிரிம்மரைத் தொடக் கூடாது. ஏணியில் நின்று வெட்டுவதும் வேண்டாம்.

வேலியின் அடி அகலமாகவும் மேல் சற்றுக் குறுகலாகவும் இருக்கட்டும். அப்போதுதான் அடிவரை வெயில் படும். மேலே அகலமாக விட்டால் கீழே இலை உதிர்ந்து குச்சிகள்தான் மிஞ்சும்.

பராமரிப்பு: ஐந்து நிமிஷ வேலை

டிரிம்மர் பழுதாவதற்குப் பெரும்பாலும் காரணம் பிளேடில் காய்ந்து ஒட்டிய பால்தான். வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றிவிட்டு (வயர் என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு) பிரஷ்ஷால் இலைத் துணுக்குகளைத் தட்ட வேண்டும். பிசினைத் துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் சில சொட்டு விட்டால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுத்து ஒட்டும். நோய் கண்ட செடியை வெட்டியிருந்தால், அடுத்த செடிக்குப் போகும் முன் 70 சதவீத ஆல்கஹாலால் பிளேடைத் துடைக்க வேண்டும்.

வெட்டிய இலை ஓரம் கிழிந்து பழுப்பானால் பிளேடு மழுங்கிவிட்டது என்று அர்த்தம். சாய்வான விளிம்பை மட்டும், ஒரே திசையில் அரத்தால் தீட்ட வேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் சாணை பிடிப்பவரிடம் கொடுப்பது மேல்.

பேட்டரியை வெயில் காயும் தகர ஷெட்டிலோ காருக்குள்ளோ வைக்கக் கூடாது. லித்தியம் பேட்டரிக்குச் சூடுதான் எதிரி. மாதக் கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில், வீட்டுக்குள் வைப்பது நல்லது.

கையில் பிடிப்பவருக்கும் கேட்க வேண்டும்

தோட்டக்காரர்தான் வெட்டப்போகிறார் என்றால், "எவ்வளவு எடை தூக்க முடியும்ணே? இது ஓட்டியிருக்கீங்களா?" என்று அவரிடம் கேட்டுவிட்டு வாங்குவதே முறை. கண்ணாடி, கையுறை, காது மூடி, ஆர்.சி.சி.பி. இவையெல்லாம் இயந்திரத்தின் விலையோடு சேர்ந்த செலவு. அதற்குப் பட்ஜெட் இல்லை என்றால் இயந்திரத்துக்கும் பட்ஜெட் இல்லை என்றுதான் பொருள். பக்கத்து வீடுகள் நான்கு சேர்ந்து நல்ல டிரிம்மர் ஒன்றைப் பொதுவில் வாங்கி வைத்துக்கொண்டாலும் தப்பில்லை. வருஷத்தில் முக்கால்வாசி நாள் அது சும்மாதானே இருக்கப்போகிறது?