பிரேசில் கடலுக்கு அடியில் நகரும் உப்பு: எண்ணெய்க்குக் காவலா, இடைஞ்சலா?

2025 ஆகஸ்டில் பிபி நிறுவனம் ஒரு பெரிய அறிவிப்பை வெளியிட்டது. ரியோ டி ஜெனிரோவில் இருந்து சுமார் 400 கி.மீ. தொலைவில், ஆழ்கடலில் எண்ணெயும் எரிவாயுவும் கிடைத்திருக்கிறது. 25 ஆண்டுகளில் தங்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய கண்டுபிடிப்பு இதுதான் என்றது. கூடவே, அங்கே கார்பன் டை ஆக்சைடு அளவும் அதிகம் என்று சொன்னது.

இந்த இரண்டையும் பூட்டி வைத்திருப்பது ஒரே பொருள்தான்: உப்பு.

கடலுக்கு அடியில் உப்பு எப்படி?

ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்தன. அவை பிரியத் தொடங்கியபோது நடுவில் முதலில் ஏரிகள் உருவாயின. பிறகு, சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன், அந்தக் குறுகிய பள்ளத்தில் கடல்நீர் புகுந்தது. நீர் ஆவியாக ஆவியாக உப்பு படிந்தது. சில இடங்களில் அதன் தடிமன் 2 கி.மீ.! இதன் மறுபாதி இன்று அங்கோலா கடலடியில் இருக்கிறது.

உப்பு நகருமா?

நகரும். பாறை உப்பு கையில் எடுத்தால் கல் மாதிரிதான். ஆனால் லட்சக்கணக்கான ஆண்டுகள் பாரம் ஏறினால் பனியாறு மாதிரி மெல்ல ஓடும். ஆறுகள் கொண்டு வரும் மணலும் வண்டலும் அதன் மேல் குவியும்போது, சப்பாத்தி மாவை அழுத்தினால் விரல் இடுக்கில் பிதுங்குமே, அப்படி உப்பு பக்கவாட்டிலும் மேலேயும் பிதுங்கும். உப்பு விலகிய இடம் பள்ளமாகும். அந்தப் பள்ளத்தில் இன்னும் வண்டல் சேரும்; பாரம் கூடும்; உப்பு மேலும் விலகும். இப்படி ஒன்று இன்னொன்றை வளர்க்கும்.

எண்ணெய்க்கு இதனால் என்ன?

உப்பு வழியாக எண்ணெய், வாயு எதுவும் கசியாது. அதனால் உப்பு முழுசாக இருக்கும் இடத்தில், பழைய ஏரிப் படிவுகளில் உருவான எண்ணெய் அடியிலேயே தங்கிவிட்டது. 2006-ல் கண்டுபிடிக்கப்பட்ட துபி வயல் அப்படிப்பட்டது. உப்பு விலகி இடைவெளி விழுந்த இடத்தில் எண்ணெய் மேலேறி, மேலே இருக்கும் மணற்கல்லில் சேர்ந்தது. 1985-ல் கண்டுபிடிக்கப்பட்ட மார்லிம் வயல் இந்த வகை. அதாவது, எங்கே தோண்டுவது என்பதை முடிவு செய்வதே உப்புதான்.

சிக்கல் எங்கே?

முதலில், பார்ப்பதே கஷ்டம். அதிர்வலைகளை அனுப்பித்தான் கடலடியைப் படம் பிடிக்கிறார்கள். உப்புக்குள் அலை வேகமாகப் பாய்வதால், அதற்குக் கீழே இருப்பவை இடம் மாறித் தெரியும். அடுத்து, தோண்டும் துளைக்குள்ளும் உப்பு மெல்லப் பிதுங்கி, துளையிடும் குழாயையே இறுக்கிப் பிடித்துவிடலாம். மெக்சிகோ வளைகுடாவில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அங்கே உப்பு இளைய வண்டல் மீது ஏறி வந்து, சிக்ஸ்பீ என்ற கடலடிச் செங்குத்துச் சரிவை உருவாக்கியிருக்கிறது. அந்தச் சரிவில் மண் சரிந்த தடயங்கள் இருக்கின்றன. அதை ஒட்டித்தான் மேட் டாக், அட்லாண்டிஸ் எண்ணெய் வயல்கள் இயங்குகின்றன.

பிரேசிலுக்கு ஏன் முக்கியம்?

அந்த நாட்டின் எண்ணெய் உற்பத்தியில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் உப்புக்கு அடியில் இருந்துதான் வருகிறது. ஆனால் எண்ணெயோடு கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்தே வந்தால், அதைப் பிரித்து மறுபடியும் பூமிக்குள் செலுத்த வேண்டும். பெட்ரோப்ராஸ் நிறுவனம் தன் வயல்களில் இதைச் செய்து வருகிறது. ஆனால் இதற்குக் கருவிகள் வேண்டும், பணமும் வேண்டும். வாயுவின் பங்கு கூடக் கூட, வயலின் லாபக் கணக்கே மாறிவிடும்.

2025 நவம்பரில் ஐ.நா. பருவநிலை மாநாட்டை பெலெம் நகரில் நடத்திய நாடும் இதே பிரேசில்தான். 11 கோடி ஆண்டுகளாக உப்பு பூட்டி வைத்ததை எவ்வளவு வெளியே எடுப்பது என்ற கேள்விக்கு புவியியல் மட்டும் பதில் சொல்லாது. அதை அந்த நாட்டு அரசுதான் சொல்ல வேண்டும்.