பாறசாலையின் இருபுறமும் ஒரு குட்டி நாடு

சுற்றுலா என்றதும் இப்போது பலருக்கும் விமானம்தான் நினைவுக்கு வருகிறது. இலங்கை, மாலத்தீவு, மொரீஷியஸ் என்று வெயிலும் மழையும் பசுமையும் நிறைந்த சின்னஞ்சிறு நாடுகளின் படங்களைக் காட்டி, பயணக் கம்பெனிகள் ஆசையைத் தூண்டுகின்றன. வசதி உள்ளவர்கள் போய் வரட்டும், அதில் தவறில்லை. ஆனால் வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், ஊருக்கு அனுப்பும் பணம் ஆகியவை போக மிச்சம் என்ன என்று எண்ணிப் பார்க்கும் திருவனந்தபுரத்துத் தமிழ்த் தொழிலாளிக்கும் குமாஸ்தாவுக்கும் அது எட்டாக் கனி.

எட்டும் கனி ஒன்று கையருகிலேயே இருக்கிறது. விடுமுறைக்கு ஊர் செல்லும்போதெல்லாம் ரயில் ஜன்னல் வழியாக அதைப் பார்த்தபடியே நம்மவர்கள் கடந்து போகிறார்கள்.

திருவிதாங்கூர் ஒரு காலத்தில் தனி சமஸ்தானம். பரப்பு சுமார் 7,625 சதுர மைல். மொரீஷியஸைவிட ஒன்பது மடங்குக்கும் மேல் பெரியது. சொந்த நாணயமும், 'அஞ்சல்' என்ற சொந்தத் தபாலும் அதற்கு இருந்தன. 1949-ல் அது கொச்சியுடன் இணைந்தது. 1956 நவம்பர் 1-ந் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே எல்லைக் கோடு விழுந்தது. ஆனால் மலையும் ஆறும் கோவிலும் கோடு பார்த்து இடம் மாறவில்லை.

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே போகும் பாசஞ்சர் வண்டியில் ஏறினால் முதலில் பாலராமபுரம். கைத்தறிக்குப் பேர்போன இவ்வூரின் நெசவாளர்கள், மன்னர் காலத்தில் தமிழகப் பகுதிகளிலிருந்து அழைத்து வரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். அடுத்தது நெய்யாற்றின்கரை. இங்குள்ள கிருஷ்ணசுவாமி கோவில் வளாகத்தில், மார்த்தாண்ட வர்மர் எதிரிகளிடமிருந்து தப்பி ஒளிந்ததாகச் சொல்லப்படும் 'அம்மச்சிப் பிலாவு' என்ற பலாமரத்தைக் காணலாம். அருகே அருவிப்புரம். 1888-ல் நாராயண குரு நெய்யாற்றிலிருந்து கல் எடுத்துச் சிவனைப் பிரதிஷ்டை செய்து, சாதிக் கொடுமையை அசைத்த இடம் அது. அந்த குரு தமிழிலும் பாடல்கள் இயற்றியவர் என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதே நெய்யாறு பூவார் அருகே கடலில் கலக்கிறது. ஒருபுறம் ஆறு, மறுபுறம் கடல், நடுவே மணல் திட்டு. இதைக் காண வெளிநாட்டார் கடல் கடந்து வருகிறார்கள். பக்கத்தில் குடியிருப்பவர் எட்டிப் பார்ப்பதில்லை.

எல்லை தாண்டினால் தக்கலை. அங்கே பத்மநாபபுரம் அரண்மனை. நிலம் தமிழகத்தில், பராமரிப்பு கேரளத்தின் கையில். பக்கத்திலேயே உதயகிரிக் கோட்டை. 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பின்னர் திருவிதாங்கூர் படைக்கே தளபதியான டச்சுக்காரர் டிலனாயின் கல்லறை அதற்குள் இருக்கிறது. அவர் இறந்தது 1777-ல். கல்லறை எழுத்து லத்தீனிலும் தமிழிலும் இருக்கிறது.

கால் வலுவுள்ள இளைஞர்களுக்கு அகஸ்தியர்கூடம் உண்டு. 1,868 மீட்டர் உயரம். நெய்யாறும் தாமிரபரணியும் பிறப்பது இந்த மலைத்தொடரில்தான். ஆண்டின் தொடக்கத்தில் சில வாரங்கள் மட்டும் வனத்துறை அனுமதியுடன் ஏறலாம். நீதிமன்றத் தீர்ப்பின் பயனாக 2019 முதல் பெண்களும் ஏறுகிறார்கள்.

'ஓய்வு கிடைப்பதே ஒரு ஞாயிறு, அதிலும் அலைச்சலா?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் இது பொழுதுபோக்கு மட்டும் அல்ல. கேரளத்தில் வளரும் தமிழ்ப் பிள்ளையை வகுப்பில் 'பாண்டி' என்று கேலி செய்கிறார்கள். விடுமுறைக்கு ஊர் போனால் 'மலையாளத்தான்' என்கிறார்கள். இரண்டு இடத்திலும் அந்நியனாக நிற்கும் அந்தப் பிள்ளை, டச்சுக்காரன் கல்லறையில் தமிழையும், தமிழ் மண்ணில் மலையாள மன்னரின் அரண்மனையையும் ஒரே நாளில் காணட்டும். இரண்டு மொழியும் இந்த மண்ணுக்கு உரியவை என்பதை அதற்குப் பிறகு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அரசுகளுக்கும் கடமை உண்டு. தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுத 1969-ம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டமே இடம் தருகிறது. அந்த மனப்பான்மை சுற்றுலாத் தலங்களிலும் தெரிய வேண்டும். எல்லையின் இருபுறமும் உள்ள இடங்களில் வரலாற்றுக் குறிப்புகள் இரு மொழிகளிலும் இருப்பதுதான் முறை. இரு மாநிலப் போக்குவரத்துக் கழகங்களும் சேர்ந்து ஞாயிறுதோறும் ஒரு சுற்றுலா பஸ் விட்டால், பெட்டிக்கடைக்காரரும் பயன்பெறுவார்.

நம் சங்கங்களும் ஆண்டுவிழாவில் பொன்னாடை போர்த்துவதோடு நின்றுவிடாமல், ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். புளியோதரைப் பொட்டலமும் ரயில் டிக்கெட்டும் போதும். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம். அன்று அரண்மனைக்கு விடுமுறை.