மறைந்தோர் பெயரால் மருந்து

புற்றுநோய்க்குத் தம் பந்துக்களில் ஒருவரைப் பறிகொடுத்த குடும்பத்தார், பதினாறாம் நாள் காரியங்கள் முடிந்து வந்தோரெல்லாம் விடைபெற்ற பின்னர், அவர் ஞாபகார்த்தமாக ஏதேனும் ஒரு தர்மம் செய்ய வேண்டுமென்று விழைவது நம் நாட்டில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். அவ்விருப்பம் போற்றத்தக்கதே. எனினும், அந்தப் பொருள் சலவைக்கல் பலகைகளிலும் நுழைவாயில் வளைவுகளிலும் முடங்கிவிடாமல், அதே வியாதியோடு இன்று போராடும் ஏழையின் சிகிச்சை பாதியில் நின்றுவிடாதபடி காக்கும் அன்றாடச் செலவுகளுக்கே போய்ச் சேர வேண்டுமென்பது நமது திடமான அபிப்பிராயம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1923-இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பலிகொடுத்தார். தாமே மருத்துவராக இருந்தும் உடன்பிறந்தாளைக் காக்க இயலாமற் போன அந்தத் துயரத்தை, சட்டசபைப் பணிகளுக்கும் தேவதாசி முறையை ஒழிக்கும் போராட்டத்துக்கும் தாம் நிறுவிய அவ்வை இல்லத்துப் பெண்களின் பராமரிப்புக்கும் இடையே முப்பதாண்டு காலம் நெஞ்சில் தாங்கி, புற்றுநோய் வந்தால் மரணமே கதியென்று கற்றோரும் நம்பிய காலத்தில், ஓயாது நிதி திரட்டி, 1952-இல் ஜவஹர்லால் நேருவைக் கொண்டு அஸ்திவாரக் கல் நாட்டச் செய்து, 1954-இல் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு ஒரு மருத்துவமனையை அவர் தொடங்கினார். அவர் புதல்வர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் அங்கு சேர்ந்து 2021-இல் மறையும் வரை அதைவிட்டு அகலாத டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தார்கள். அந்த ஸ்தாபனத்தின் பெயரில் அத்தங்கையின் பெயர் இல்லை. அங்கே உயிர்பிழைத்து வீடு திரும்பிய ஒவ்வொருவரும் அவளுடைய ஞாபகச் சின்னமாயிருக்க, வேறு சின்னம் எதற்கு?

பெயர் பொறிப்பதே பிழையென்று நாம் சொல்ல வரவில்லை. ரத்தப் புற்றுநோயால் 1931-இல் காலமான மெஹர்பாய் டாட்டாவின் நினைவாக அவர் கணவர் தோராப்ஜி வைத்துச் சென்ற நிதி அந்நோயின் ஆராய்ச்சிக்கு உதவியது. டாட்டா அறநிலையம் 1941-இல் பம்பாயில் திறந்த ஆஸ்பத்திரி குடும்பப் பெயரையே தாங்கி நிற்கிறது. அங்கே பெயருக்குப் பின்னால் பணி இருந்தது. நாம் ஆட்சேபிப்பது, பணியின்றி வெறும் பெயர் மட்டும் நிற்பதைத்தான்.

எது தேவையென்று நோயாளிகளின் வாழ்க்கையே சொல்லும். மக்கள் 'கரண்ட் வைப்பது' என்று கூறும் கதிரியக்கச் சிகிச்சை, பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாளாக ஐந்தாறு வாரங்கள் தொடர்வது. அரசின் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைக் கட்டணத்தை ஏற்கிறது. ஆனால் தென்மாவட்டத்துக் கிராமத்திலிருந்து சென்னைக்கு வந்த ஒரு கூலித் தொழிலாளியின் மனைவி அத்தனை நாளும் எங்கே தங்குவாள், துணைக்கு வந்த கணவன் இழக்கும் கூலியை யார் கொடுப்பார், ஊரில் விட்டுவந்த குழந்தைகளுக்குச் சோறிடுவது எவர்? பஸ் கட்டணத்துக்கு வழியின்றி மூன்றாம் வாரத்தில் ஊர் திரும்பும் நோயாளியைக் கோடி ரூபாய் யந்திரமும் குணப்படுத்த முடியாது. குணமாகும் நிலையைக் கடந்தவர்களோ, இறுதி நாட்களின் வலியைத் தணிக்க மார்ஃபின் மாத்திரையையும் வீடு தேடி வரும் ஒரு தாதியையும் எதிர்பார்த்துக் கிடக்கிறார்கள். இச்செலவுகளுக்குத் திறப்பு விழா இல்லை. ஆகையால்தான் கொடுப்போரும் குறைவு.

இதெல்லாம் அரசாங்கத்தின் கடமையன்றோ என்று கேட்பவர்களின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. அக்கடமையை வற்புறுத்திக்கொண்டே இருப்போம். ஆயினும், இந்த வாரம் சிகிச்சையைக் கைவிடப்போகிறவளிடம் அடுத்த வரவு செலவுத் திட்டம் வரை பொறுத்திரு என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

மற்றொன்றும் உண்டு. பல வீடுகளில் இந்நோயின் பெயரையே வாய்விட்டுச் சொல்வதில்லை. அம்மௌனத்தால், மார்பிலோ கர்ப்பப்பைவாயிலோ தோன்றிய அறிகுறியை மறைத்து, காலங்கடந்து மருத்துவரிடம் வரும் பெண்கள் அநேகர். எங்கள் தாயார் புற்றுநோயால் இறந்தார், அவர் பெயரால் இதைத் தருகிறோம் என்று ஒரு குடும்பம் பகிரங்கமாகக் கூறுமாயின், அதைக் கேட்கும் ஒருத்திக்காவது பரிசோதனைக்குச் செல்லும் தைரியம் பிறக்கும்.

ஆகவே வாசகர்களை வேண்டிக்கொள்கிறோம்: இவ்வாண்டுத் திதி வருமுன், உங்களுக்கு அணித்தான புற்றுநோய் மருத்துவமனையின் சமூகப் பணியாளரைச் சந்தித்து, அங்குள்ள ஏழை நோயாளிகளுக்கு எது குறைவென்று கேளுங்கள். அதற்கே கொடுங்கள், நிபந்தனையின்றிக் கொடுங்கள், இயன்ற தொகை சிறிதாயினும் ஆண்டுதோறும் கொடுங்கள்.