லினக்ஸ்தானே எண்டு இருந்திட்டம்

"லினக்ஸ்தானே, ஒண்டும் வராது." இப்பிடிச் சொல்லித்தான் எங்கட சிநேகிதர் கனபேருக்கு உபுண்டு போட்டுக் குடுத்தனாங்கள். இப்ப அந்தப் பேச்சை நாங்களே திருத்த வேண்டிக் கிடக்கு.

போன மாதம் எங்களில ஒராளின்ர லப்டொப்பில டெர்மினலைத் திறந்து, சூடோவோட எஸ்எஸ் கட்டளையை அடிச்சுப் பார்த்தம். பின்னால ஒரு சிறுகோடும் டி, யு, எல், பி, என் எண்ட ஐந்து எழுத்தும். எந்த நிரல் எந்தப் போர்ட்டில காத்துக்கொண்டு இருக்குது எண்டு அது காட்டும். பட்டியல் நீண்டுது. 80இல அப்பாச்சி: கம்பஸ் புரொஜெக்ட் ஒண்டுக்குப் போட்டது, புரொஜெக்ட் முடிஞ்சு இரண்டு வருசம். 445இல சம்பா: போனில இருந்து படம் மாத்துறதுக்காக, பாஸ்வேர்ட் இல்லாமல் பகிர்ந்த ஒரு ஃபோல்டர். படங்களோட படமாய் அக்காவின்ர அடையாள அட்டையும் வங்கிப் புத்தகமும் ஸ்கேன் பண்ணிக் கிடந்தது. அந்த வீட்டு வைஃபை பாஸ்வேர்ட் மேல்மாடியில வாடகைக்கு இருக்கிற ஆக்களுக்கும் தெரியும், ரியூசனுக்கு வாற பிள்ளையளுக்கும் தெரியும்.

ரவுட்டர் இருக்குத்தானே எண்டு கேப்பீங்கள். அது வெளியில இருந்து வாறதை ஓரளவு மறிக்கும். வீட்டுக்குள்ள இருக்கிறவையை மறிக்காது. லப்டொப் கம்பஸ் வைஃபைக்குப் போனால் வீட்டு ரவுட்டர் கூடப் போறதும் இல்லை.

நாங்கள் போடாததும் திறந்து கிடக்கும். 2024 செப்டெம்பரில வெளிவந்த கப்ஸ் ஓட்டையை நினைச்சுப் பாருங்கோ. பிறின்டர்களைத் தேடித்தாற ஒரு சின்ன நிரல், யுடிபி 631இல ஆர் எதை அனுப்பினாலும் நம்பி வாங்கிக்கொண்டு இருந்தது. பொய்யான பிறின்டர் ஒண்டை அதுக்குள்ள நுழைச்சுவிட்டால், நீங்கள் அதுக்கு ஒரு பக்கம் அச்சடிக்கக் குடுக்கிற நேரம் அனுப்பினவரின்ர கட்டளை உங்கட கணினியில ஓடும். பிறின்டரே இல்லாத வீடுகளிலயும் அந்த நிரல் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

இதுக்கு எல்லாரும் சொல்லுற வைத்தியம் ஃபயர்வோல். உபுண்டுவில யுஎஃப்டபிள்யூ கூடவே வருது, ஆனால் நாங்கள் ஓன் பண்ணாமல் வேலை செய்யாது. பண்ணுங்கோ, வேண்டாம் எண்டேல்லை. ஆனால் முதல் வேலை அது இல்லை எண்டுதான் நாங்கள் நினைக்கிறம். தேவையில்லாத நிரலை ஓடவிட்டிட்டு முன்னால மதில் கட்டினால் நிரல் அப்பிடியேதான் இருக்கும். டொக்கர் பாவிக்கிற ஆக்களுக்கு மதிலும் நிச்சயமில்லை: டொக்கர் வெளியில விடுற போர்ட், யுஎஃப்டபிள்யூவின்ர விதிகளைச் சுத்திக்கொண்டு போயிடும்.

அதால முதலில நிரலையே நிப்பாட்டுங்கோ. சிஸ்டம்சிடிஎல்லில ஸ்டொப் மட்டும் குடுத்தால் அடுத்தமுறை கணினி எழும்பேக்க அதுவும் எழும்பும், டிசேபிளும் குடுக்கோணும். கப்ஸ் மாதிரிச் சிலதுக்கு சொக்கெட் எண்டு தனியா ஒண்டு இருக்கு, அதையும் நிப்பாட்டாட்டில் திரும்ப வந்து நிக்கும். எங்களுக்கு அரை மணித்தியாலம் போனது இதிலதான்.

கண்ணை மூடிக்கொண்டு எல்லாத்தையும் நிப்பாட்டவும் வேண்டாம். 127 எண்டு தொடங்குற முகவரியில இருக்கிறது கணினிக்குள்ள மட்டும் கதைக்கிறது. 53இல இருக்கிறதை நிப்பாட்டினால் ஒரு தளமும் திறக்காது. பார்க்கவேண்டியது 0.0.0.0 எண்டோ நட்சத்திரம் போட்டோ இருக்கிற வரிகளை. ஐபிவி6 முகவரிகளையும் விட்டிடாதேங்கோ.

அண்டைக்கு அப்பாச்சியையும் சம்பாவையும் எடுத்துவிட்டம். அக்காவுக்கு இன்னும் சொல்லேல்லை.