கிழவர்களுக்குச் சினேகம் எதற்கு?

நம் நாட்டில் ஒருவனுக்கு 60 வயது கடந்துவிட்டால், சுற்றியுள்ளவர்கள் எல்லோரும் அவனுக்கு உபதேசம் செய்ய ஆரம்பித்து விடுகிறார்கள். “இனி உமக்கு என்ன ஐயா வேலை? ஒரு மூலையில் உட்கார்ந்து, ராமா கிருஷ்ணா என்று போகிற வழிக்குப் புண்ணியம் தேடும்” என்பதே அந்த உபதேசம். காலேஜில் கூடப் படித்த நாலு கிழவர்கள் காலையில் சேர்ந்து நடந்தாலும், மாதம் ஒரு முறை கூடிச் சிரித்துப் பேசினாலும், “காடு வாவா என்கிற வயதில் குஷியைப் பார்!” என்று பரிகாசம் செய்கிறார்கள்.

மூலையில் உட்காரும் இந்தத் தர்மம் எங்கிருந்து வந்தது? மனிதன் ஆயுளை நாலு ஆசிரமமாகக் கூறு போட்டு, கடைசி இரண்டையும் காட்டுக்கு ஒதுக்கிய சாஸ்திரத்திலிருந்துதான் வந்தது. அந்தச் சாஸ்திரமோ சூத்திரனுக்குச் சந்நியாசமே இல்லை என்கிறது. உரிமை கொடுக்காத சாஸ்திரத்திலிருந்து அதன் மூலையை மட்டும் நம் கிழவர்கள் ஏன் வாங்கிக்கொள்ள வேண்டும்?

நிற்க. அறிவுள்ளவர்கள் இந்த விஷயத்தை எப்படி ஆராய்ந்தார்கள் என்று பார்ப்போம். அமெரிக்காவில் ஹார்வர்டு காலேஜில் 1938-ல் ஒரு விசாரணை ஆரம்பமாயிற்று. 268 மாணவர்களை எடுத்துக்கொண்டு, அவர்கள் கிழவர்களாகும் வரை விடாமல் விசாரித்து வந்தார்கள். பின்னாளில் ஜனாதிபதியான ஜான் கென்னடியும் அவர்களில் ஒருவர். பாஸ்டன் நகரத்தின் ஏழைத் தெருக்களைச் சேர்ந்த 456 பையன்களைப் பற்றிய விசாரணையும் பிறகு இதோடு சேர்ந்தது. 80 வயதில் யார் திடமாயிருப்பார் என்பதை, 50 வயதில் ரத்தத்திலிருந்த கொழுப்பின் அளவைவிட, அந்த வயதில் அவருக்கு மற்றவர்களோடு இருந்த உறவே நன்றாகக் காட்டிற்று என்று கண்டார்கள். ஜாதகம் பார்த்துச் சொன்னதல்ல. எண்ணிப் பார்த்துச் சொன்னது.

இதையும் வேதவாக்காக நாம் கொள்ள வேண்டியதில்லை. அந்த 268 பேரில் ஒரு பெண்ணும் இல்லை. தேகம் திடமாயிருப்பவனுக்குத்தானே சினேகம் நிலைக்கும் என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். அது நியாயமான கேள்வியே. ஆனால் மூலையில் உட்கார்ந்ததால் திடமானவன் ஒருவனையாவது ஆட்சேபிப்பவர் காட்டட்டும்!

அந்த விசாரணையில் நமக்கு முக்கியமான சங்கதி இன்னொன்று. ஏழைத் தெருப் பையன்கள் 70 வயதில், ஹார்வர்டுக்காரர் 80 வயதில் இருந்ததுபோல் தளர்ந்திருந்தார்கள். ஆனால் அவர்களிலேயே காலேஜ் படிப்பை முடித்தவர்கள், 70 வயதில் ஹார்வர்டுக்காரருக்குச் சமமாகத் திடமாயிருந்தார்கள். ஏழையின் ஆயுளைக் குறைத்தது தலையெழுத்தா, படிப்பில்லாமையா? யோசித்துப் பாருங்கள்.

நடமாட்டத்தின் விஷயமும் அப்படியே. லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்ற டாக்டரும் அவர் சகாக்களும் 1953-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், உட்கார்ந்தே பஸ் ஓட்டிய டிரைவர்களைவிட, மாடி பஸ்ஸில் படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவு என்று கண்டார்கள். பஸ் ஒன்று, பாதை ஒன்று. டிரைவருக்கு மட்டும் சனியன் பிடித்ததா? அந்த மாரிஸ் 99 வயது வரை வாழ்ந்து 2009-ல் இறந்தார்.

ஆகவே, பழைய சகபாடிகள் கூடுவது வீண் குஷியல்ல. பங்காளி உறவு பிறப்பால் வருவது. ஜாதி உறவு பிறப்பின் பேரால் சுமத்தப்படுவது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததால் வந்த சினேகம் ஒன்றுதான் ஜாதியைக் கேளாமல் வந்தது. அப்படியிருக்க, இன்று கூடுகிறவர்களில் சிலர் செய்வதென்ன? கூட்டத்தை ஹோமத்தோடு ஆரம்பிக்கிறார்கள். மகன் அமெரிக்காவில் வாங்கும் சம்பளத்தை அளக்கிறார்கள். கைப்பேசியில் ராகு காலத்தையும் புரளி வைத்தியத்தையும் அனுப்பிக்கொள்கிறார்கள். சாப்பாட்டுக்குப் பின் ஜாதிக்காரர்கள் தனித்தனியே குந்துகிறார்கள். இதற்குப் படிப்பு எதற்கு? கோயில் திண்ணை போதாதா?

அன்றியும், கூடப் படித்த பெண்கள் எங்கே? கலியாணம் ஆனதும் விலாசம் மாறி, பெயரின் பின்பாதி மாறி, அடுப்படியில் மறைந்து போனார்கள். கிழவன் சினேகிதனைப் பார்க்கப் போனால் குஷி; கிழவி சினேகிதியைப் பார்க்கப் போனால் குற்றம். அதிலும் விதவையாகிவிட்டால் வாசற்படி தாண்டுவதே அபசகுனமாம்! தனிமை ஆணைக் கொல்லுமானால் பெண்ணை மட்டும் வாழ வைக்குமா?

காலேஜ் வாசலை மிதியாதவர்களுக்கும் இதுவேதான். கூட நாற்று நட்டவர்கள், கூடத் தறி நெய்தவர்கள், கூடச் சிறை சென்றவர்கள் எல்லோரும் சகபாடிகளே. பெரியார் காலேஜில் படித்தவரல்ல. 94 வயதில், 1973 டிசம்பர் 19-ந் தேதி சென்னை தியாகராய நகரில் மேடையேறிப் பேசினார். 24-ந் தேதி இறந்தார். அவர் மூலை தேடவில்லை.

தோழர்களே! உங்கள் வீட்டுக் கிழவரையும் கிழவியையும் திண்ணையிலிருந்து எழுப்புங்கள். கூடப் படித்தவர், கூட உழைத்தவர் விலாசத்தைத் தேடிக் கொடுங்கள். பஸ்ஸுக்குச் சில்லறையும் கொடுங்கள். திவசத்துக்குச் செலவழிக்கும் பணத்தில் இது பத்திலொரு பங்குகூட ஆகாது. உயிரோடிருக்கும்போதே செய்வதால், போய்ச் சேர்ந்ததா என்ற சந்தேகமும் இராது.