லேசர் அச்சுப்பொறியும் மாணவர் கைகளும்

தேர்வுக் காலத்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் அறையில் லேசர் அச்சுப்பொறிக்கு ஓய்வே இல்லை. தாள் சிக்கினால், “தம்பி, கொஞ்சம் இழுத்துவிடு” என்று ஆறாம் ஆண்டு மாணவனை ஏவும் வழக்கம் நம்மிடையே உண்டு. இதனை என்னால் ஏற்க இயலவில்லை. சின்ன விரல்கள் எளிதில் நுழையுமாம்! அவை நுழையும் இடத்தில்தானே டோனர் பொடியை உருக்கித் தாளில் ஒட்டவைக்கும் உருளை இருக்கிறது? அதன் வெப்பம் ஏறக்குறைய 200 பாகை செல்சியஸ். மின்சாரத்தை நிறுத்தினாலும் உடனே தணியாது. ஆசிரியரே இணைப்பைத் துண்டித்து, அரைமணி நேரம் ஆறவிட்டு, தாளை இரு கைகளாலும் மெல்ல எடுக்கட்டும். சிந்திய பொடியைப் பெருக்கினால் அது காற்றில் பறக்கும். ஈரத்துணியால் துடைப்பதே முறை. சட்டையில் பட்டால் உதறிவிட்டுக் குளிர்ந்த நீரில் அலச வேண்டும். வெந்நீரில் பொடி இளகித் துணியோடு ஒட்டிக்கொள்ளும். பெற்றோரே, பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் கரும்பொடியைக் கண்டால், பள்ளிக்கு வந்து தயங்காமல் கேளுங்கள்.