கணக்கு கூட்டத்தின்மீது, பழி பிள்ளைமீது

ராஜஸ்தானின் கோட்டா நகரில் 2023 ஆகஸ்டில், மாணவர் தற்கொலைகள் தொடர்ந்ததால், நுழைவுத் தேர்வுப் பயிற்சி மையங்கள் இரண்டு மாதம் தேர்வே நடத்தக் கூடாது என்று மாவட்ட நிர்வாகம் ஆணையிட்டது. ஓயாத தேர்வும் மதிப்பெண்ணும் பிள்ளைகளை என்ன செய்கின்றன என்பதை நிர்வாகமே ஒப்புக்கொண்ட தருணமாகவே அதைப் பார்க்கிறேன். மனச்சோர்வுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் தேர்வு நெருக்கடி என்ற இந்தக் காரணம் நாமே உண்டாக்கியது. மருத்துவப் படிப்புக்கான நீட் நுழைவுத் தேர்வு எழுதுவோர் 20 லட்சத்துக்கும் மேல். எம்பிபிஎஸ் இடங்களோ ஒரு லட்சத்துக்குச் சற்று மேல்தான். எவ்வளவு உழைத்தாலும் பெரும்பாலோருக்கு இடம் கிடைக்காது. அப்படியிருந்தும் "முயன்றால் முடியும்" என்று சொல்லிச் சொல்லியே, தோல்வியின் பழி முழுவதையும் பதினேழு வயதுப் பிள்ளையின் தலையில் கட்டிவிடுகிறோம். அந்தப் பிள்ளையும் அதை நம்பிவிடுகிறது, அதுதான் கொடுமை. தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், யாரோடும் பேசாமல் ஒதுங்கினால் சோம்பேறி என்கிறோம். கடன் வாங்கிக் கட்டணம் கட்டிய அப்பாவின் பதற்றம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும், பிள்ளை அப்படி ஒதுங்குவது சோம்பல் இல்லை, நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சையும் உண்டு. அடுத்த டெஸ்டுக்கு அனுப்பும் முன் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.